குட்டிக்கு ஒரு பேர், கூட்டத்துக்கு ஒரு பேர்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படித்தான் இருப்பாய், போட்டோவில் கன்னமெல்லாம் பூரித்துப் போயிருக்கிறாய். ஆரம்பத்தில் நல்ல வார்த்தையாக நாலு எழுதுங்கள் என்று உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதனால் நாலு எழுதிவிட்டேன். அவளுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, ஆனால் மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டாள், துணி காயப்போடுவது இப்போது என் வேலை. குழாயடியில் பாசி பிடித்து நான் ஒரு நாள் சறுக்கி விழுந்தேன், அடி ஒன்றும் இல்லை, எதிர்வீட்டுத் தையல்காரர் பார்த்துவிட்டார், அதுதான் வலித்தது. உன் கடிதம் கிடைத்தது. அப்பா மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா, கூரை ஒழுகுவது நின்றதா, தையல்காரர் வீட்டு நாய் குட்டி போட்டதா என்று எல்லாம் கேட்டிருக்கிறாய். நாய் குட்டி போட்டது, மூன்றும் நன்றாக இருக்கின்றன. உன் தங்கையைப் பற்றி மட்டும் ஒரு எழுத்து இல்லை. எங்கள் பூங்கா சூப்பரிண்டெண்டுக்கு நீ எழுதிப் போடுகிறேன் என்று சொன்னாயே ஒரு வரி, அதைப் பற்றியும் மூச்சு இல்லை. அந்த ஒரு வரியைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நீ மறந்துபோன மாதிரி நடந்துகொள்வதால் முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி. நான் விலங்குப் பூங்காவின் தீவன அறையில் காரட் நறுக்கி, தானியம் ஊறப்போட்டு, நரிக்கும் ஆந்தைக்கும் இறைச்சி பங்கு வைத்துத்தான் உன்னை ஆளாக்கினேன், அது நினைவிருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் தீவன வாசல் வழியாக ஓடிவந்து வாளியில் கைவிட்டுக் காரட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாய், அதுவும் நினைவிருக்கும். உன் தங்கை அதே பூங்காவில் கம்பி வேலிக்கும் கூண்டுக் கதவுக்கும் பெயிண்ட் அடிக்கும் தற்காலிக வேலையில் எத்தனை வருஷமாக இருக்கிறாள் என்பதும் உனக்குத் தெரியும். புது சூப்பரிண்டெண்ட் வந்து, ஒவ்வொரு கூண்டுக்கும் ஒரு பலகை வேண்டும், மேலே நம் மொழியில், கீழே ஆங்கிலத்தில், விலங்கின் பேர், அதன் குட்டியின் பேர், அதன் கூட்டத்தின் பேர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் படித்துவிட்டுப் போகட்டும் என்றார். பலகைகளை உன் தங்கைதான் எழுத வேண்டும், நன்றாக வந்தால் அவளையே நிரந்தரப் பெயிண்டராகப் போடச் சொல்லிப் பூங்காக் கமிட்டிக்கு எழுதுகிறேன் என்றும் சொன்னார். ஆங்கில வார்த்தைகளைப் பக்கத்துப் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டரிடம் கேட்டு வாங்குவதாக இருந்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. ஹெட்மாஸ்டர் எதுக்கு சார், என் பையன் அந்த நாட்டிலேயே இருக்கான், அவங்க பேசுற இங்கிலீஷையே கொடுத்துடுவான் என்று சொன்னேன். சொல்லும்போது ஹெட்மாஸ்டரும் அந்த அறையில்தான் இருந்தார், அது எனக்கு உறைக்கவில்லை. அவருக்கு நன்றாக உறைத்திருக்கிறது.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போன் பண்ணும்போதெல்லாம் இதே வேலை. உன் தங்கை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தோளில் போனை இடுக்கிக்கொண்டு, நீ ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வாள், நீ சரி என்ற பிறகுதான் சாக்பீஸால் சிலேட்டில் போடுவாள். நானும் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்போம். அன்னத்தின் குஞ்சுக்கு சிக்னெட், பெரிய வாத்தின் குஞ்சுக்கு காஸ்லிங், வாத்துகள் கூட்டமாக நின்றால் காகிள், அதே வாத்துகள் பறக்க ஆரம்பித்தால் அதற்கு வேறு பேர். காட்டுமுயல் குட்டிக்கு லெவரெட், காட்டுப்பன்றிக் கூட்டத்துக்கு சவுண்டர், நரிக் கூட்டத்துக்கு ஸ்கல்க். நமக்குக் குட்டி, கன்று, குஞ்சு இருந்தால் பாதி உலகம் முடிந்தது, மிச்சமிருக்கும் அணிலுக்கும் கீரிக்கும் செல்லமாகப் பிள்ளை என்று பேர் வைத்துவிட்டோம், இவர்கள் என்னடா ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பேர்சூட்டு விழா நடத்தியிருக்கிறார்கள் என்று நான் கேட்டேன். நீ அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தாய். நீங்கள் இரண்டு பேரும் சின்ன வயதுக்கு அப்புறம் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை. லெவரெட் என்று சொல்லிச் சொல்லி அவள் பூங்காக் கூண்டில் இருந்த முயல் குட்டிக்கு அதையே செல்லப் பேராக வைத்துவிட்டாள். வீட்டில் அப்போது ஒரு கலகலப்பு இருந்தது.

பலகைக்கு அவள் பட்ட பாடு உனக்குத் தெரியாது. தகரத்தைத் தேய்த்துத் துரு எடுத்து, ரெட் ஆக்சைடு பூசி, காயவைத்து, அதற்கு மேல் பச்சை எனாமல் இரண்டு பூச்சு, அப்புறம் நூலில் சாக்பீஸ் பூசிக் கோடு தட்டி, அதற்கு மேல் எழுத்து. கை நடுங்காமல் இருக்க வேண்டும் என்று காலையில் காப்பி குடிப்பதையே விட்டுவிட்டாள். ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் அந்தக் குட்டியின் படத்தைச் சின்னதாகப் போட்டாள், அதை யாரும் கேட்கவில்லை, அவளாகப் போட்டாள். முயல் குட்டி வைக்கோலுக்குள் காதை மடக்கிப் படுத்துக்கொள்ளும், அது தலையைத் தூக்கும் வரை கூண்டு வாசலில் குந்தியே இருந்தாள். தீவனம் வைக்கப் போன என்னை, சத்தம் போடாதீங்கப்பா, அது எந்திரிக்கப் போகுது என்று விரட்டினாள். எனக்குக் கோபமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

பலகை திறக்கிற அன்றைக்குக் கமிட்டிக்காரர்கள் வந்திருந்தார்கள், ஹெட்மாஸ்டர் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அன்னக் குளத்தருகே வந்ததும் கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு சிக்னெட் என்று மெதுவாகப் படித்தார், அப்படி ஒரு வார்த்தை கிடையாதே என்றார். வாத்து வேலிக்கு வந்து காகிள் என்று படித்துச் சிரித்தார். அவர் சிரித்ததால் பிள்ளைகள் சிரித்தார்கள், பிள்ளைகள் சிரித்ததால் கமிட்டிக்காரர்களும் சிரித்தார்கள். முயல் கூண்டுக்கு வந்தபோது எல்லோரும் சிரிக்கத் தயாராகவே வந்தார்கள். வாயில நுழையாததெல்லாம் இங்கிலீஷ் ஆயிடாது சார், யாரோ உங்களை நல்லா ஏமாத்தியிருக்காங்க என்று ஹெட்மாஸ்டர் சூப்பரிண்டெண்டிடம் சொன்னார். சூப்பரிண்டெண்டுக்கு முகம் சிவந்துவிட்டது. எல்லோரும் ஆபீசுக்குப் போனோம், அங்கே இருந்தது பிள்ளைகளுக்கான ஒரு சின்ன அகராதி, அதைப் புரட்டினார், இந்த வார்த்தைகள் எதுவும் அதில் இல்லை. நான் விட்டேனா, என் பையனுக்கே போன் போடுங்க சார், ஒரே வார்த்தையில தீர்ந்துடும் என்று நம்பரை ஒப்பித்தேன். வெளிநாட்டுக்குப் போன் போட அவருக்கு மனசே இல்லை, இருந்தாலும் போட்டார்.

ஆபீஸ் போனின் ரிசீவர் பழசு, அடுத்த முனையில் பேசுவது பக்கத்தில் நிற்பவனுக்கும் கேட்கும், அது உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இந்த வார்த்தையெல்லாம் நீங்கதான் கொடுத்தீங்களா தம்பி, இங்க பெரிய கேலியாப் போச்சு, கமிட்டியில பதில் சொல்லணும் என்று அவர் கொஞ்சம் அதட்டலாகத்தான் கேட்டார். அப்புறம் நீ சொன்னதை நான் என் காதால் கேட்டேன். நான் எதுவும் சொல்லிக் கொடுக்கலை சார், தங்கச்சியா ஏதோ எழுதியிருப்பா, அவளுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது என்றாய். சூப்பரிண்டெண்ட் போனை வைத்துவிட்டு அதை அப்படியே எல்லோருக்கும் கேட்கும்படி திருப்பிச் சொன்னார். உன் தங்கை வாசலில்தான் நின்றிருந்தாள், ஒரு பலகையில் ஆணித்தலைக்குப் பெயிண்ட் வைக்க வந்தவள், கையில் பிரஷ்ஷும் டர்பன்டைன் துணியும். அவள் என்னைப் பார்த்தாள். நான்தான் சாட்சி, ஞாயிற்றுக்கிழமை தோறும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன். ஆனால் இத்தனை பேர் நடுவில் என் பிள்ளை பொய் சொல்கிறான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு தீவன அறைக்குப் போய்விட்டேன்.

மறுநாளே அத்தனை பலகையையும் கழற்றி அவளையே வெள்ளை அடிக்கச் சொன்னார்கள். அடித்தாள். எழுத்து மறைய ஒரு பூச்சு போதவில்லை, பச்சை தெரிந்துகொண்டே இருந்தது, திரும்பத் திரும்ப அடித்தாள். ஓரத்தில் இருந்த குட்டிப் படங்களும் போயின. அதற்கு மேல் ஹெட்மாஸ்டர் சொன்னபடி எல்லாக் கூண்டுக்கும் ஒரே மாதிரி எழுதச் சொன்னார்கள், நரிக்கும் பேபி, ஆந்தைக்கும் பேபி, காட்டுப்பன்றிக்கும் பேபி, கூட்டத்துக்கெல்லாம் குரூப். காட்டுப்பன்றி பேபியை எந்த மகராசி தொட்டிலில் போட்டு ஆட்டினாளோ எனக்குத் தெரியாது. நிரந்தர வேலை என்ன ஆச்சு சார் என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார் சூப்பரிண்டெண்ட். ஆபீசில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று இத்தனை வருஷம் வேலை பார்த்தவனுக்குத் தெரியாதா.

அவர் பார்க்கலாம் என்ற அன்றைக்கே உனக்குப் போன் பண்ணினேன். அவர் மிரட்டுற மாதிரி கேட்டாருப்பா, எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, நானும் இங்க கூட வேலை செய்யறவர் சொன்னதைத்தான் சொன்னேன், தப்பா இருந்தா என் பேரு கெட்டுடும்ல என்றாய். சந்தேகம் வந்தால் தெரியலை என்று சொல்லியிருக்கலாமே, தங்கையின் தலையில் ஏன் தூக்கிப் போட்டாய் என்று கேட்டேன். சரி போகட்டும், இந்த வார்த்தைகளை நான்தான் கொடுத்தேன், எழுத்துப் பிசகாமல் அவள் எழுதினாள் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு, கமிட்டியில் வைக்கிறேன் என்று சூப்பரிண்டெண்ட் ஒத்துக்கொண்டிருக்கிறார் என்றேன். அடுத்த வாரம் என்றாய். அடுத்த வாரமும் அடுத்த வாரம் என்றாய். அப்புறம் உன் கடிதம் வந்தது, உள்ளே அந்த ஒரு வரி இருக்கும் என்று அம்மா பிரிக்கும்போதே சாமியைக் கும்பிட்டாள். உள்ளே ஒரு போட்டோ. நீ ஒரு ஏரிக்கரையில் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறாய், உன் முதுகுக்குப் பின்னால் தண்ணீரில் இரண்டு அன்னம், அதுகளைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் குஞ்சுகள். இங்கே ஏரி ரொம்ப அழகு என்று பின்பக்கத்தில் எழுதியிருக்கிறாய். உன் தங்கை அதை வாங்கிப் பார்த்தாள், சிக்னெட் என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

உன் அம்மா உனக்குத்தான் வக்கீல். பிள்ளை வேலை நேரத்துல திடீர்னு கேட்டா பதறத்தானே செய்வான், அங்க அவனுக்கு ஆயிரம் தொந்தரவு என்று தினமும் பேசுவாள். தங்கச்சி இருக்காளே, பொம்பளைப் பிள்ளை, அவளுக்கு எப்படியும் ஒரு வழி பிறக்கும் என்றும் ஒரு நாள் சொல்லிவிட்டாள். அன்றைக்கு உன் தங்கை சாப்பிடாமல் எழுந்து போனாள். அடுத்த வார விடுமுறையில் காலையிலேயே கிளம்பிப் பெரிய நூலகத்துக்குப் போயிருக்கிறாள். வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள், அங்கேயே வைத்துப் பார்க்க வேண்டிய தலையணை மாதிரி அகராதி, அதில் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடியிருக்கிறாள். அவளுக்கு எழுத்துகள் மனப்பாடம், நீதானே சொல்லிக் கொடுத்தாய். சிக்னெட் இருந்தது, லெவரெட் இருந்தது, காகிள், சவுண்டர், ஸ்கல்க் எல்லாமே இருந்தன, ஒன்றுகூடத் தப்பில்லை. மறுநாள் சூப்பரிண்டெண்டிடம் போய், ஆபீஸ் முடிஞ்சு வீட்டுக்குப் போற வழிதானே சார், ஒரு அஞ்சு நிமிஷம் நூலகத்துக்கு வாங்க என்று கேட்டிருக்கிறாள். மனுஷன் கோபக்காரர்தான், ஆனால் நியாயத்துக்குக் கட்டுப்படுகிறவர், போனார், உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் எங்களிடம் சொல்லவில்லை, சூப்பரிண்டெண்ட் தீவன அறைக்கு வந்து என்னிடம் சொன்னார். எல்லாம் சரியாத்தானே இருக்கு, உங்க அண்ணன் சொன்னது சரின்னா அப்புறம் அன்னைக்கு ஏன் இல்லைன்னார் என்று அவளைக் கேட்டாராம். அவள் புத்தகத்தை மூடிவிட்டு, அண்ணன் அன்னைக்குச் சொன்னது நிஜம்தான் சார், அவர் எனக்கு எதுவும் சொல்லிக் கொடுக்கலை, நானே தேடி எழுதினதுதான் என்றாளாம். நான் கையில் காரட் கத்தியோடு நின்றேன். அப்போ அண்ணன்கிட்ட கடிதம் எதுவும் வேண்டாம்ல சார் என்று கேட்டு உறுதி பண்ணிக்கொண்டாளாம். வேண்டாம் என்றாராம். கெட்டிக்காரப் பொண்ணுய்யா என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கமிட்டி கூடியது, பழைய வார்த்தைகளையே பலகையில் திரும்ப எழுதச் சொல்லி அவளை நிரந்தரம் பண்ணிவிட்டார்கள். ஹெட்மாஸ்டரிடம் சொன்னதற்கு, அதெல்லாம் பழைய இங்கிலீஷ், இப்போ யாரும் பேசறதில்லை என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அவளைக் கேட்டேன், ஏம்மா அப்படிச் சொன்னாய், அத்தனையும் அவன் சொல்லிக் கொடுத்ததுதானே, நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேனே என்று. அன்னைக்கு ஆபீஸ்ல இதைச் சொல்லியிருக்கலாமேப்பா என்றாள். அதற்கு மேல் நான் எதைக் கேட்பது. அப்புறம் அவளே, அண்ணன் எழுதிக் கொடுத்தா வாழ்நாள் பூரா அவர்தான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததா இருக்கும், எனக்கு அது வேண்டாம்ப்பா, சொல்லிக் கொடுக்கலைன்னாரு, சொல்லிக் கொடுக்கலைன்னே இருக்கட்டும் என்றாள். சொல்லிவிட்டு விரல் இடுக்கில் இருந்த பெயிண்ட்டை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கப் போய்விட்டாள். நல்லவேளை, அண்ணன் பேரைக் காப்பாத்திட்டா என்று உன் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ சொன்ன பொய்யை அவள் உண்மையாக்கிவிட்டாள், அவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமைகளும், சிலேட்டும், நீ சிரித்த சிரிப்பும் இந்த வீட்டில் நடக்கவே இல்லை என்றாகிவிட்டது. தீவன லாரி டிரைவர் நேற்று என்னிடம், பலகையெல்லாம் திரும்ப வந்துடுச்சே, உங்க பையன் அங்கிருந்து அனுப்பின இங்கிலீஷ்தானே என்று கேட்டான். இல்லை, என் பொண்ணு எழுதினது என்றேன். உன்னைப் பற்றி ஊரெல்லாம் பெருமை அடித்த வாய் இது, இதைச் சொல்ல அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆகையால் அந்த ஒரு வரியை இனி நீ எழுத வேண்டாம். அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு சிரமப்படாதே. அவளுக்குப் போன் பண்ணி வாழ்த்துச் சொன்னால் எடுப்பாள், நன்றி என்பாள், சாப்பிட்டீங்களா அண்ணா என்பாள், அப்புறம் அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். அதற்கு மேல் எதிர்பார்க்காதே. உன்மேல் கோபம் போய்விட்டதா என்று என்னைக் கேட்டால் போகவில்லை. பெற்றவன் என்பதால் மாத்திரை போடும்போதெல்லாம் உன்னை நினைக்கிறேன், நினைத்தால் மாத்திரை வேலை செய்வதில்லை.

குளிர் காலம் முடியும் வரை காதை மூடிக்கொண்டு வெளியே போ, அம்மா ஒரு கம்பளித் தொப்பி பின்னிக்கொண்டிருக்கிறாள், முடிந்ததும் அனுப்புவாள். வேளாவேளைக்குச் சாப்பிடு, யாரோடும் வம்பு வேண்டாம், வம்பு வந்தால் பழியை அடுத்தவர் மேல் போடாதே. நீ தீர்க்காயுசாக, ஒரு குறையும் இல்லாமல், கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற மனுஷனாக இருக்க வேண்டும் என்று உனக்கு என் ஆசீர்வாதம். ஒன்றை மறந்துவிடாதே. லீவில் வரும்போது பலகைகளைப் பார்க்க ஆசைப்படுவாய். முயல் கூண்டில் குட்டிப் படம் முன்னைவிட நன்றாக வந்திருக்கிறது, இந்தத் தடவை காதைத் தூக்கிக்கொண்டு பார்க்கிறது. தீவன வாசல் வழியாக வராதே, அது வேலை செய்கிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும். நீ முன்வாசலில் வரிசையில் நின்று, சீட்டு வாங்கிக்கொண்டு, எல்லோரையும் போல உள்ளே வந்து படி.

இப்படிக்கு,
பலகை எழுதியவளின் அப்பா,
உனக்கும் அப்பா.